ஒன்பது சென்டிமீட்டர் எறும்பு

ஏழாவது படிக்கும்போது அக்காவுக்கு ஓர் உதவி செய்தேன். அதை நான் சரியாகச் செய்யவில்லை என்று வெகுகாலம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா திருப்பதியில் விலங்கியல் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். புத்தூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அந்த வருஷம் பரீட்சைகள் தள்ளிப்போய் ஆனி மாசம் பிறந்துவிட்டது. ரெக்கார்டு நோட்டில் மூன்று படங்கள்தான் பாக்கி: கட்டெறும்பு, ஈயின் இறக்கை, மாம்பூவில் உட்காரும் தத்துப்பூச்சி. மூன்றும் மாத்திரை டப்பாக்களில் மேஜைமேல் காத்திருந்தன. அக்கா தினமும் பென்சிலைச் சீவுவாள், எழுந்து போய்விடுவாள்.

"அந்த நோட்டக் குடுத்துட்டா படிப்பு முடிஞ்சிச்சில்ல? ஆடி பொறக்கறதுக்குள்ள கல்யாணத்த வச்சிக்கலாம்னு மாப்பிள்ள வூட்டுல கேட்டுக்கினே கீறாங்க" என்பாள் அம்மா.

"இன்னும் மூணு படம் கீது மா" என்பாள் அக்கா.

எனக்குக் கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் புடவை எடுக்கப் போனாள். நான் மேஜையில் உட்கார்ந்தேன். அக்கா வரைவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் பழக்கம். முதலில் பூச்சியை அளக்க வேண்டும். படத்தின் நீளத்தை அந்த அளவால் வகுத்தால், எத்தனை மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம் என்று வரும். அதைப் படத்தின் கீழே எழுத வேண்டும். எறும்பு ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. வகுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று படத்தைத் தொண்ணூறு மில்லிமீட்டருக்கு வரைந்தேன். பத்து மடங்கு. இறக்கை இருபது மடங்கு, தத்துப்பூச்சி முப்பது.

சாயங்காலம் நைனா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு வாசல்வரை கேட்கும்படி சிரித்தார். "பாத்தியா, சின்னவ முடிச்சிட்டா! நாளைக்கே குடுத்துட்டு வந்துடு." மாப்பிள்ளை வீட்டுக்கு உடனே போன் போட்டார்.

அக்கா ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். "யாருடி உன்ன வரையச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு, "நல்லாதான் வரஞ்சிக்கிற" என்றாள்.

மறுநாள் கல்லூரியிலிருந்து நோட்டோடு திரும்பி வந்தாள்.

"சார் கையெழுத்துப் போடல. எறும்பப் பாத்துட்டு, 'இந்த பெத்த சீம மீ ஊள்ளோ உந்தா'ன்னு சிரிச்சாரு, இம்மாம் பெரிய எறும்பு உங்க ஊர்ல கீதான்னு. நாம எழுதினபடி பாத்தா ஒன்பது சென்டிமீட்டர் எறும்பாம். மூணையும் திரும்ப வரையணுமாம். அவரு பரீட்ச டூட்டிக்குப் போறாரு, வர பத்து நாளாவும்."

பத்து நாளில் ஆடி பிறந்துவிடும். நைனா மாப்பிள்ளை வீட்டுக்கு மறுபடியும் போன் போட்டார்.

நடுவில் ஒருநாள் ரெக்கார்டு விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா திருப்பதி போனாள். மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போயிருக்கிறாள் என்பது, சீட்டு கிடைத்து ஆடிக் கடைசியில் கடிதம் வந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நைனா ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. அப்புறம் அவரே ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது அக்கா ஒரு கல்லூரியில் பிள்ளைகளின் ரெக்கார்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறாள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. நோட்டைப் பிடுங்கிப் பிரித்தேன். எறும்பின் கீழே ஒன்று, இறக்கையின் கீழே இரண்டு, தத்துப்பூச்சியின் கீழே மூன்று. மூன்று பூஜ்யங்களையும் எழுதாமல் விட்டிருக்கிறேன்! என்னால்தான் அக்கா அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றாள் என்று விக்கி விக்கி அழுதேன். அக்கா தாவணி முனையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதடி. பூஜ்யம்தான, போனா போவுது."

இனிமேல் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். அந்த எண்களுக்குப் பக்கத்தில் தாள் தேய்ந்து மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. நான் வரைந்தபோது ரப்பரைத் தொடவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.