சுவரில் பெயர் எழுதியவர்களும் வாளியோடு நின்ற நானும்

கோட்டைக் காவல்காரன் என்றதும் நீங்கள் மீசையையும் ஈட்டியையும் நினைப்பீர்கள். யுத்த காலத்தில் செஞ்சிக் கோட்டையில் தொல்பொருள் இலாகா எனக்குக் கொடுத்தது ஒரு வாளியும் தேங்காய் நாரும்தான். யாத்திரைக்காரர்கள் சுவரில் எழுதுவதை அழிப்பது என் வேலை. பிறர் எழுதியதை அழித்துப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சாட்சி

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் கோட்டை மண்டபத்தில் தங்கிச் சமைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் அடுப்புக் கரியை எடுத்துச் சுண்ணாம்புச் சுவரில் பேரும் ஊரும் எழுதிவிடுவார்கள். வல்லத்துக்காரர் ஒருவரைக் கையும் கரியுமாகப் பிடித்து, எதற்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாக எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

“அவ்ளோ கூட்டத்துல சாமி நம்மளப் பாத்துச்சோ இல்லியோ. இங்க எழுதி வெச்சா வந்ததுக்கு ஒரு சாட்சி இருக்குதுல்ல?”

சூலம்

முன்னால் போகிற கூட்டம் சுவரில் ஒரு சூலம் போட்டுவிட்டுப் போனால், ‘நாங்கள் தாண்டிவிட்டோம், நீங்கள் வாருங்கள்’ என்று பின்னால் வருகிறவர்களுக்கு அர்த்தம். இது தெரியாமல் ஒருநாள் காலையிலேயே துடைத்துவிட்டேன். கைக்குழந்தையோடு பின்தங்கிய ஒரு பெண் வந்து சுவரைப் பார்த்தாள். சூலம் இல்லாததால், முன்னால் போன புருஷன் வேறு வழியில் சுற்றிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்து, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விஷயம் புரிந்து நான் போய்ச் சொன்னபோது என்னைத் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

“காலு வலிக்குதுன்னு பின்னாடி நின்னவ நானு. உங்களச் சொல்லி இன்னா பண்றது.”

ஒரே ஒரு பெயர்

பட்டாளத்துக்குப் போகுமுன் தீபம் பார்க்கப் போன தொண்டூர்ப் பையன் ஒருவன், போகிற வழியில் அந்தச் சுவரில், தூண் மறைவில் என் கண்ணுக்குத் தப்பிய ஒரு மூலையில் தன் பெயரை எழுதியிருந்தான்; வீட்டிலும் அதைச் சொல்லியிருந்தான். பர்மாவில் அவன் செத்துப்போனதாகத் தபால் வந்த பிறகு அவனுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர். நான் காட்டிய எழுத்துகளின் மேல் படாமல் விரலை ஓட்டிப் பார்த்தார். வீட்டில் மகனுடைய போட்டோ கிடையாது. அவன் கைபட்டது என்று இது ஒன்றுதான் மிச்சம். அன்றிலிருந்து அந்தப் பெயரை விட்டுவிட்டுச் சுற்றிலும் கழுவினேன்.

“அதுல மட்டும் தண்ணி படாமப் பாத்துக்கய்யா.”

துரை வருகை

பட்டணத்திலிருந்து பெரிய துரை வருகிறார், சுவரில் ஓர் எழுத்து இருக்கக் கூடாது என்று மேஸ்திரி உத்தரவு போட்டார். நான் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயே திறக்காமல் கழுவிவிட்டேன். துரை மண்டபத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அந்த அப்பா வந்தார். கருமாதி செய்ய வேண்டும். உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. அந்தப் பெயருக்கு முன்னால் படைக்கலாமா என்று கேட்க வந்திருந்தார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். வெறும் சுவரை உள்ளங்கையால் தடவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தார்.

“கழுவுன தண்ணி எந்தப் பக்கம் ஓடிச்சின்னு மட்டும் காட்டுய்யா. ஒரு புடி மண்ணு எடுத்துக்கினு போறேன்.”

நான் ஓய்வு பெற்றபோது, ‘இவர் காவலில் சுவரில் ஒரு பெயர்கூட இருந்ததில்லை’ என்று நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள். அதை மறுக்க எனக்கு வழியில்லை.