சமத்துப் பிள்ளை

போன வருடம், ஹோலிக்குச் சில நாள் முன்பு நடந்தது. மும்பையில் செம்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில் நான் ஆயா. வீடு தாராவியில்.

கர்ஜத்துக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து ஓர் ஆதிவாசிப் பெண் ஒன்றரை வயது மகனைத் தூக்கி வந்திருந்தாள். நிமோனியா என்றார்கள். அந்த உடம்பைத் துடைத்துவிட்டவள் நான். விலா எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. சோறு கண்ட உடம்பா அது? மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது.

உடலைக் கொண்டுபோகும் இலவச வண்டி மும்பை எல்லையைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார்கள். தனியார் வண்டிக்காரர் கேட்ட தொகைக்கு அவள் எங்கே போவாள், நான்தான் எங்கே போவேன்? இங்கேயே அடக்கம் செய்துவிடலாமே என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். அவள் புருஷன் அங்கே செங்கல் சூளையில் வேலை செய்கிறான். முன்பணம் வாங்கியிருந்ததால் முதலாளி அவனை ஆஸ்பத்திரிக்குக்கூட விடவில்லை. அப்பன் ஒரு தடவை முகம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ரயிலை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் இறந்த பிள்ளை என்று தெரிந்தால் போலீஸ் இறக்கிவிடும். அதனால் துணியில் சுற்றி, தூங்குகிற மாதிரி அவள் தோளில் சாய்த்துவிட்டேன். என் அரைகுறை மராத்தியில் ஒன்றே ஒன்று சொன்னேன். ஊர் போய்ச் சேருகிறவரை அழாதே என்றேன்.

ஆட்டோவில் காட்கோபர் ஸ்டேஷன் போய், கர்ஜத் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். கைப்பிள்ளைக்காரி என்று யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். நல்ல ஜனங்கள்தான். நான் போனில் வீட்டுக்குப் பேசியதைக் கேட்டுவிட்டு, எதிரே இருந்த ஒரு தமிழ் அக்கா எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார்.

"எம்பேத்தி ரயில்ல ஏறுனா ஊரையே கூட்டிருவா. இது எவ்வளவு சமத்தாத் தூங்குது பாருங்க."

கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். நான் சட்டென்று குறுக்கே கை வைத்தேன்.

"தொடாதீங்கக்கா, முழிச்சுக்கிடுவான்" என்றேன்.

அக்கா கையை இழுத்துக்கொண்டு, நீ கொடுத்துவைத்தவள் என்று அவளிடம் இந்தியில் சொன்னார். அவள் மரியாதைக்கு லேசாகச் சிரித்தாள். கண் காய்ந்து கிடந்தது.

வீட்டில் என் பிள்ளைகள் தனியாக இருந்ததால், நான் பாதி வழியில் கல்யாண் ஸ்டேஷனில் இறங்கித் திரும்ப வேண்டியதாயிற்று. வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனாள். அப்பன் முகம் பார்த்தானா, சூளைக்காரன் விட்டானா, இன்றுவரை தெரியாது. அவளிடம் போன்கூடக் கிடையாது.

இப்போதும் ரயிலில் ஏதாவது பிள்ளை வீறிட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். எனக்கு மட்டும், அழட்டுமே என்றிருக்கும். பெற்ற பிள்ளைக்காக வாய்விட்டு அழுகிற உரிமைகூட இல்லாமல் ஒருத்தியை நான்தானே ரயிலேற்றி அனுப்பினேன்.