மேஜர் காட்ஸ்பியின் ஏழாவது மெடல்

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்தது நடந்ததுதான். 1994 நவம்பர் 12, சனிக்கிழமை. மாலை 4.05-லிருந்து 4.33 வரை. ஊர் சாலிஸ்பரி. ஆள் ஹெட்லி ப்ரவுட். அவர் கடைக்கு ஒட்டின கடையில் நான் ஷூ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ஹெட்லி குடிக்காதவர், கதை கட்டத் தெரியாதவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஹெட்லிக்கு மெடல் தைக்கிற தொழில். பட்டாளத்துக்காரர்கள் தங்கள் மெடல்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர் ரிப்பன் மாற்றி, வரிசை முறைப்படி ஒரு பட்டையில் ஆடாமல் அசையாமல் தைத்துக் கொடுப்பார். நவம்பரில், போரில் இறந்தவர்களுக்கு ஊரே அஞ்சலி செலுத்தும் நினைவு ஞாயிறு நெருங்கினால் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கெட்டிக்காரர். அது ஊருக்குத் தெரியும், ஊரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வினையே அங்கேதான்.

வியாழக்கிழமை மிஸ் ரோஸமண்ட் காட்ஸ்பி ஒரு புகையிலை டப்பாவோடு வந்தார். பள்ளிக்கூட டீச்சர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா மேஜர் காட்ஸ்பி முப்பத்தைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், அந்த மார்ச்சில்தான் காலமானார். ஞாயிறன்று நினைவுத் தூண் முன்னால் அப்பாவின் மெடல்களை மகள் வலது மார்பில் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். இடது மார்பு சம்பாதித்தவனுக்கு, வலது மார்பு அவன் வாரிசுக்கு. டப்பாவில் ஏழு மெடல் இருந்தது. ஹெட்லி ஆறை எடுத்து வைத்தார். ஏழாவதைத் திருப்பி, விளிம்பில் பொறித்திருந்ததைப் படித்தார்.

"இது உங்க அப்பாவோடது இல்லை மேடம்."

"அவர் டப்பாவிலதானே இருந்துச்சு?"

"இருந்திருக்கும். இது நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் குடுக்கிற மெடல். சிப்பாய், சார்ஜென்ட்டுக்குத்தான். ஆபீசருக்குக் கிடையாது. பாருங்க, சார்ஜென்ட்னு போட்டிருக்கு. நம்பரும் வேற."

"பேரு அப்பா பேருதானே..."

"காட்ஸ்பிங்க ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க. முப்பது வருஷமா இதே வேலைதான் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

வரிசையில் பின்னால் நின்ற லென் ட்விக்குக்கு வாய் சும்மா இருக்காது. எண்பது வயது, பழைய சார்ஜென்ட்.

"பதினெட்டு வருஷம் மாட்டிக்காம தப்புப் பண்ணினவனுக்குக் குடுக்கிற மெடலாச்சே அது! மேஜர் எவன்கிட்ட சுட்டாரோ?"

அது பட்டாளத்தின் பழைய கிண்டல்தான். கடையே சிரித்தது. ஹெட்லியும் சிரித்தார். மிஸ் காட்ஸ்பியின் முகம் காது வரை சிவந்துவிட்டது. தான் சம்பாதிக்காத மெடலை ஒருவன் வைத்திருந்தான் என்பதைவிடப் பெரிய கேவலம் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு இல்லை.

"அப்பா திருடர் இல்லை" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "வேற யாரோடதோன்னா வேணாம். நீங்களே வச்சுக்குங்க. ஆறை மட்டும் தைங்க."

அவர் போனதும் ட்விக் கவுண்டரில் சாய்ந்தார். செப்டம்பரில் திருடன் புகுந்து அவருடைய நன்னடத்தை மெடலை எடுத்துப் போய்விட்டான். புதிது வர பிப்ரவரி ஆகும்.

"ஹெட்லி, என் பட்டையில பல்லு விழுந்த மாதிரி ஓட்டை. திருடுபோனதும் அதே ராஜா தலை போட்டதுதான். அநாதை மெடல்தானேப்பா? பேரைத் தேச்சுட்டு என் பேரை அடிச்சுக் குடேன்."

தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஆனாலும் ஹெட்லி சரி என்றார். யாருடையது என்றே தெரியாததுதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அந்தச் சமாதானமும் போயிற்று. வேறு ஒருவருக்காக ஆபீசர்களின் பழைய பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்த வரி கண்ணில் பட்டது. டபிள்யூ. காட்ஸ்பி, குவார்ட்டர்மாஸ்டர், 1944, சிப்பாய் வரிசையிலிருந்து உயர்ந்தவர். பதினெட்டு வருஷம் சிப்பாயாகவும் சார்ஜென்ட்டாகவும் இருந்து அந்த மெடலை வாங்கிவிட்டுத்தான் மனிதர் ஆபீசர் ஆகியிருக்கிறார். ஆபீசர் ஆனதும் நம்பர் மாறும். மெடல் அவருடையதேதான். முப்பது வருஷ அனுபவம் அதை யோசிக்கவில்லை.

பக்கத்திலேயே போன் இருந்தது. ரசீதில் மிஸ் காட்ஸ்பியின் நம்பரும் இருந்தது. தப்பு என் மேல்தான் என்று சொன்னால் முடிந்தது. அத்தனை பேர் முன்னால் அடித்துப் பேசிவிட்டு இப்போது எப்படிச் சொல்வது? ட்விக்குக்கு வேறு வாக்குக் கொடுத்தாயிற்று. ஹெட்லி புத்தகத்தை மூடினார். தெரிந்தே மூடினார். "அங்கேதான்யா நான் கெட்டேன்" என்று பிறகு என்னிடம் அழுதார்.

4.05. கடையைப் பூட்டினார். தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மெடலைப் பிடிப்பானில் பொருத்தி, அரத்தை எடுத்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

முதலில் நம்பர் போயிற்று. பிறகு சார்ஜென்ட் என்ற சொல். வெள்ளி மிருதுவானது, சீக்கிரம் தேயும்.

4.14. கிளிங்.

சுவரைப் பார்த்தார். தைத்து முடித்து, ஆள் வந்து வாங்கிப் போகாத பதினொரு பட்டைகள் அங்கே வரிசையாகத் தொங்கின. அவர் தைத்த பட்டை சத்தம் போடாது. ஒன்றோடொன்று மோதக் கூடாது என்றுதான் ஒவ்வொரு மெடலையும் துணியோடு சேர்த்துத் தைப்பது. மோதவே முடியாது.

தெருவில் யாரோ போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியலைத் தேய்த்தார்.

கிளிங்... கிளிங்... கிளிங்...

இப்போது கதவுப் பக்கத்திலிருந்து கேட்டது. ஒரே சீராக. மார்பில் மெடல் குத்திய ஒருவர் நடந்து வருகிற மாதிரி.

அரத்தை நிறுத்தினார்.

அதுவும் நின்றது.

4.20. மறுபடி அரத்தை இழுத்தார். ஆங்கிலத்தில் ஆறெழுத்துப் பெயர், அதில் ஓர் எழுத்து போயிற்று. இரண்டாவது போயிற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கிளிங். ஒவ்வொரு கிளிங்குக்கும் ஓரடி கிட்டே.

மூன்றாவது எழுத்து...

அரத்தைக் கீழே வைத்தார்.

தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

கர்ர்... கர்ர்... கர்ர்...

அரம் மேஜைமேல் கிடந்தது. சத்தம் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

4.31.

"என்னோடது ரெடியா?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம். வயதான குரல். அதட்டல் இல்லை, கோபம் இல்லை.

ஹெட்லி நிமிரவில்லை.

"கடை... மூடியாச்சு."

"தெரியும்."

முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பேரு?"

"பாதிதான் இருக்கு."

விளக்கு அணையவில்லை. அணைந்திருந்தால் தேவலை என்றார் ஹெட்லி. நிமிர்ந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. பதினொரு பட்டைகளும் ஆடிக்கொண்டிருந்தன.

4.33. மெடலைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவு வழியே ஓடினார். ஏப்ரன்கூடக் கழற்றவில்லை.

ஞாயிறு. நினைவுத் தூண். பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷ மௌனம். அந்த மௌனத்தில் ஊரே தலைகுனிந்து நின்றபோது, தன் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு கிளிங் கேட்டது என்கிறார். திரும்பிப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

கூட்டம் கலைந்ததும் ட்விக் கையை நீட்டினார். "எங்கேப்பா என்னோடது?"

"இல்லை லென். அது உன்னோடது இல்லை."

நேரே மிஸ் காட்ஸ்பியிடம் போனார். அவருடைய வலது மார்பில் ஆறு மெடல். ஹெட்லி எல்லாவற்றையும் சொன்னார். பதிவுப் புத்தகத்தைப் பார்த்ததை, பார்த்த பிறகும் தேய்த்ததை, எதையும் விடவில்லை.

"உங்க அப்பா சம்பாதிச்ச மெடல்தான் மேடம். அத்தனை பேர் முன்னாடி அவரைத் திருடர் ஆக்கிட்டேன். நான்தான் திருடன்."

அவர் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்தது.

"எது வரைக்கும் தேச்சீங்க?"

"நம்பர்... பதவி... இனிஷியல்... பேருல முதல் மூணு எழுத்து. கடைசி மூணு மிச்சம்."

"வாங்க என்கூட."

சர்ச்சுக்குப் பின்னால் மேஜரின் கல்லறை. கல் நட்டு இரண்டு மாதம்தான். மேஜர் என்ற சொல் இல்லை. இனிஷியல் இல்லை. பெயரில் முதல் மூன்று எழுத்து இல்லை. அந்த இடம் வழவழவென்று இருந்தது. கடைசி மூன்று எழுத்தும், கீழே ரெஜிமெண்ட் பெயரும், தேதிகளும் வெட்டினது வெட்டினபடியே இருந்தன.

"நேத்து காலையில நான்தான் பூ வச்சேன்" என்றார் மிஸ் காட்ஸ்பி. "முழுப் பேரும் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில வந்து பார்த்தா இப்படி."

ஹெட்லி முழங்காலிட்டார். மெடலைப் புல்மேல் வைத்து மன்னிப்புக் கேட்டார். என்ன கேட்டார் என்பதை என்னிடம் சொல்லவில்லை.

அப்போது கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டாம் இம்பர் தள்ளுவண்டியோடு வந்தார். ஹெட்லியைப் பார்த்ததும் வண்டியைப் பட்டென்று கீழே வைத்தார்.

"மறுபடியும் வந்துட்டியா நீ? நேத்துக் கூப்பிடக் கூப்பிடத் திரும்பக்கூட இல்லை!"

"நேத்தா? எப்போ?" என்றார் மிஸ் காட்ஸ்பி.

"நாலேகால், நாலரை இருக்கும் மேடம். இதே ஆளுதான். தோல் ஏப்ரன் கட்டிக்கிட்டு, இந்தக் கல்லு முன்னாடி உக்காந்து அரத்தால தேச்சுக்கிட்டே இருந்தான். நான் டார்ச் எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

மிஸ் காட்ஸ்பி மெடலை எடுத்துக்கொண்டு, ஹெட்லியிடமிருந்து விலகி நின்றார்.

சனிக்கிழமை நான் என் கடையைப் பூட்டியது சரியாக 4.20. ஹெட்லியின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விளக்கடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தட்டிக் கையசைத்தேன், அவர் கவனிக்கவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் விறைப்பாக நின்றிருந்த வயதான வாடிக்கையாளர்தான் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.