எஸ்தரின் நாய்க்குக் கிடைத்த ஓய்வு

போன வாரம் எங்கள் வீட்டு நாயைக் குமுளியில் ஒரு கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளம் பெண். "படி ஏற யோசிக்குதா?" என்று கேட்டார். "ஏறிடும். இறங்கத்தான் யோசிக்குது" என்றேன். "காலையில எந்திரிக்கும்போது..." என்று அவர் ஆரம்பித்ததுமே, விறைத்துக்கொண்டு நாலடி நடப்பது, பிறகு சரியாகிவிடுவது, மழை நாளில் அதிகமாவது, முன்னங்கால் மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார் நெறைய நாய் வளத்திருக்கீங்களோ?"

இல்லை, இதுதான் முதல் நாய். இதற்கு முன் ஒரு நாயை ஏறக்குறையக் கொன்றிருக்கிறேன், அவ்வளவுதான். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

அந்த அறையில் டிஞ்சர் வாசனை அடித்தது. அந்த வாசனைக்கு என்னை இருபது வருடம் பின்னால் தள்ளும் சக்தி உண்டு. அப்போது குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். தகரக் கூரை போட்ட இரண்டு அறை. உண்மையான டாக்டர் வாரம் ஒருமுறை வருவார், மழை பெய்தால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் தொழிலாளிகள் என்னையே "டாக்டரய்யா" என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. திருத்தாதது மட்டுமா, கீழே கம்பம் ஊரில் ஒரு வெள்ளைக் கோட்டு வேறு தைத்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அலமாரியில் இருந்தவை மூன்றே மருந்துகள் என்று சொல்லலாம். இருமலுக்கு, வயிற்றுக்கு, வலிக்கு. வலி மாத்திரை மஞ்சள் நிறம், அதுதான் சீக்கிரம் தீரும். ஏலக்காய் எடுப்பது நின்று செய்யும் வேலையும் இல்லை, உட்கார்ந்து செய்யும் வேலையும் இல்லை. செடியின் அடித்தூரில் காய்க்கும் காயை, நாள் முழுக்க ஈர மண்ணில் குந்தியும் குனிந்தும் பறிக்க வேண்டும். மலையில் முழங்கால் நல்லபடியாக இருந்த பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

எஸ்தர் அவர்களில் ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். புருஷன் இறந்துவிட்டார், மகளைத் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், மேல் லயத்தின் கடைசி வீட்டில் அவளும் அவள் நாயும்தான். நாயின் பெயர் ரஸ்க். நிறமும் அதுதான், தின்றதும் அதுதான். காலையில் ஏலக்காட்டுக்குப் போகும்போது அது முன்னால் ஓடும். ஒவ்வொரு செடியின் தூரிலும் முதலில் அதன் மூக்குதான் நுழையும். பச்சைப் பாம்பு சுருண்டு கிடந்தால் மயிர் சிலிர்த்து நின்று குரைக்கும். அதனாலேயே எஸ்தருக்குப் பக்கத்து வரிசையைப் பிடிக்கப் பெண்களுக்குள் போட்டி இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவள் நாயைக் கயிறு கட்டி டிஸ்பென்சரிக்கே கூட்டிவந்துவிட்டாள்.

"டாக்டரய்யா, இவனுக்கு உடம்பு வணங்க மாட்டேங்கு. முன்னால ஓடுத பய, இப்ப பின்னால வாரான். கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்கான்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கம்பெடுத்து ரெண்டு அடியும் போட்டுட்டேன்" என்றாள்.

நான் அதன் இடுப்பை அழுத்திப் பார்த்தேன். மெல்ல உறுமியது. "வாதம்" என்று அறிவித்தேன். கோட்டுப் போட்டவன் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? மஞ்சள் மாத்திரையைப் பாதியாக உடைத்து, காலையும் மாலையும் ரஸ்க்கில் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் நாய் மறுபடி முன்னால் ஓடியது. எஸ்தர் வந்து கைகூப்பினாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

நாலாம் நாள் நாய் ரஸ்க்கை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மதியத்துக்குள் வாந்தி. மலம் தார் போலக் கறுப்பாகப் போனது.

காய் மூட்டை ஏற்றிய தோட்டத்து ஜீப்பில் குமுளி மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாய் எஸ்தர் மடியில் கிடந்தது. வழியெல்லாம் "இயேசப்பா, இயேசப்பா" என்றாளே தவிர, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கே இருந்த மலையாளி டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கி, வெளுத்த ஈறைப் பார்த்தார். "என்ன கொடுத்தது?" நான் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "மனுஷங்க குளிகையை நாய்க்குக் கொடுக்கலாமா? குடல் எல்லாம் புண்ணாகும். ஆரு கொடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர், "நாந்தாம்மா கொடுத்தேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளை அரைமணி நேரம் திட்டியிருப்பார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றி நாய் பிழைத்தது. அதன்பிறகுதான் அவர் எங்கள் கையைப் பிடித்து நாயின் இரண்டு தொடைகளிலும் வைத்துக் காட்டினார். ஒன்று மெலிந்திருந்தது. வலிக்கும் காலை ஊன்றாமலே சதை வற்றிவிட்டதாம். "நாய் வலின்னு கத்தாது. செய்யிற காரியத்தை ஒண்ணொண்ணா விட்டுட்டே வரும். அதைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்." எடை குறைய வேண்டும், ரஸ்க் கூடாது. ஈரமில்லாத மெத்தென்ற படுக்கை, சமதரையில் கொஞ்சம் நடை. படியும் மேடும் ஏறக்கூடாது. நாய்க்கென்றே உள்ள மருந்தை எடைக்குத் தக்க அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். வாந்தி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய எஸ்தர், "மனுசருக்கும் இப்படித்தானாம்மா? காலைல விறைச்சுக்கிட்டு, நடக்க நடக்கச் சரியாகி..." என்று கேட்டாள்.

"அதே நோய்தான்."

"அப்ப எனக்கும் அதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அவளுக்கு அதே மஞ்சள் மாத்திரையைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்தான்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் சூப்பர்வைசரிடம் போனேன். எஸ்தரை ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "எல்லாப் பொம்பளைக்கும் முட்டுவலிதான்யா. எல்லாரையும் ஸ்டோர்ல உக்கார வெச்சுட்டுக் காட்டுக்கு நீ போறியா?" என்றார். அந்த வாரம் வந்த டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஆக, ஓய்வு நாய்க்கு மட்டும் கிடைத்தது. எஸ்தர் வாசல்படியை மண் கொட்டிச் சரிவாக்கினாள். சாக்கில் சருகு அடைத்து மெத்தை தைத்தாள். மருந்து கொடுத்துவிட்டுத் தனியாகக் காட்டுக்குப் போனாள், ஒவ்வொரு தூரையும் கம்பால் தட்டிப் பார்த்துக்கொண்டு. முதல் சில நாள் நாய் ஊளையிட்டது, பிறகு பழகிவிட்டது. பக்கத்து வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் போய்விட்டார்கள்.

பல மாதம் கழித்து ஒருநாள் மாத்திரைக்கு வந்தவளிடம் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு ஏன் நீங்கதான் கொடுத்ததாச் சொன்னீங்க?"

"உங்க வேலை போயிருமுல்லா." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அதோட, நோவுல கெடந்தவன அடிச்சது நாந்தான? அதுக்கு என்னய யாரும் ஏசல. இதுக்காவது ஏசட்டும்னு இருந்தேன்."

மாத்திரையைக் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது?

ரஸ்க் இன்னும் மூன்று மழைக்காலம் உயிரோடு இருந்தது. ஒரு நாள் மதியம் அந்தச் சாக்கிலேயே தூக்கத்தில் போய்விட்டது. எஸ்தர் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் காய் எடுத்தாள். கடைசியில் மகள் வந்து கூட்டிப்போனாள். கம்பம் பஸ்ஸின் படியில் அவளால் கால் வைக்க முடியவில்லை. நானும் மகளும் இருபுறமும் தாங்கி ஏற்றிவிட்டோம். பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போது அந்த லயத்துக்குக் கூரை இல்லை. டிஸ்பென்சரியில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மலையில் குடியிருப்பவர்களே குறைவு. விடிந்ததும் கம்பத்துப் பக்கமிருந்து ஜீப்பில் ஆட்கள் வருகிறார்கள், சாயந்தரத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். ராத்தங்காத இடத்தில் யார் நாய் வளர்ப்பார்கள்? பாம்பு இருக்கிறது, செடிக்கடியில் குந்தும் பெண்கள் இருக்கிறார்கள், முன்னால் ஓடும் நாய்தான் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஒரு ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. பின்புறம் ஏற முடியாமல் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் கைகொடுத்து இழுத்துக்கொண்டார்கள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அந்த மலையில் யாருக்கு எந்தக் கால் வலி என்பதுவரை எனக்குத் தெரியும்.