அம்மா முன்னாடி நடந்த அந்த வியாழக்கிழமை

நனைச்ச துண்டு சுத்தின தண்ணி பாட்டிலுக்குன்னு ஒரு வாசம் உண்டு. ஈரத் துணியும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி... புனே பக்கத்துல எங்க நிக்டி வீட்ல மே மாசம் விடியக்காலைல அந்த வாசம் வந்தா, இன்னைக்கு வெளிய போறோம்னு அர்த்தம்.

அப்பா ஃபேக்டரில சூப்பர்வைசர். எங்க ஏரியால ஃபேக்டரிக்கெல்லாம் வியாழக்கிழமைதான் லீவு. ஊரே வேலைக்குப் போகும்போது நாங்க மட்டும் பிக்னிக் போவோம்.

ஆனா அந்த வருஷம் போறதே சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின கோடைல ஒரு நாள் மத்தியான வெயில்ல எங்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போனார் அப்பா. புலி எல்லாம் நிழல்ல படுத்துத் தூங்குது, நாங்க மட்டும் வெயில்ல நிக்கிறோம். தம்பி வாந்தி எடுத்து, ரெண்டு நாள் காய்ச்சல். அம்மா கோபத்துல, "இனி மழை வர்ற வரைக்கும் யாரும் வாசல் தாண்டக் கூடாது"ன்னுட்டாங்க.

அதனால அப்பா இந்தத் தடவை சின்ஹகட் கோட்டைக்கு பிளான் போட்டது, ஃபேக்டரில மெஷின் இறக்குற மாதிரி. கிராஃப் பேப்பர்ல டைம் எழுதி வச்சார். நாலரைக்குக் கிளம்பணும். ஆறேகாலுக்கு அடிவாரம். எட்டரைக்கு உச்சி. பத்தரைக்குள்ள கீழ இறங்கிடணும். ஆளுக்கு ஒரு தொப்பி, பாக்கெட்ல ஒரு சின்ன வெங்காயம். வெயில் தாக்காதுன்னு பக்கத்து வீட்டு மராட்டி ஆன்ட்டி சொன்னது.

"இதுவும் சரிப்படலேன்னா, நானே இனி கேக்க மாட்டேன்"னு அம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டார்.

ஒரே ஸ்கூட்டர்ல நாலு பேர். தம்பி முன்னாடி நின்னுக்கிட்டு, நான் நடுவுல நசுங்கிக்கிட்டு, அம்மா பின்னாடி தயிர்சாதத் தூக்கோட. புனே அப்பதான் கண்ணு முழிச்சுக்கிட்டு இருந்துச்சு.

சொன்ன டைமுக்கு ஏற ஆரம்பிச்சோம். பாதி தூரம்கூட வரல... அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. முந்தின நாள் டபுள் ஷிஃப்ட் நின்ன கால். லிம்பு பாணி, அதான் எலுமிச்சை ஜூஸ், விக்கிற கடைக்காரர் ஒருத்தர் மரத்தடில உக்கார வச்சுத் தேய்ச்சு விட்டார். எந்திரிச்சார், ரெண்டு அடி வச்சார், மறுபடி உக்காந்துட்டார்.

"இறங்கிடலாம்" அப்படின்னார். முகத்தைப் பாக்கவே முடியல. தம்பி அழ ஆரம்பிச்சான்.

அம்மா மேல பாத்தாங்க. எங்களைப் பாத்தாங்க.

புனே வந்து ஆறு வருஷத்துல அம்மா தனியா போன தூரம், காய்கறி மண்டி வரைக்கும்தான். இந்தி அரைகுறை, மராட்டி அதுல பாதி. அந்த அம்மா, புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்புல சொருகினாங்க.

"ஏங்க, நீங்க இங்க இருங்க. நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

"வழி தெரியுமா உனக்கு?"

"மேலதானே போகணும்?"

அவ்வளவுதான். தூக்கை அப்பா பக்கத்துல வச்சுட்டு நடந்துட்டாங்க!

கொஞ்ச தூரத்துல தயிர்ச் சட்டிக் கூடையைத் தலைல வச்சுக்கிட்டு ஒரு மராட்டி அம்மா ஏறிக்கிட்டு இருந்தாங்க. அவங்களை விடாம பிடிச்சுக்கிட்டோம். நிழல் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கமாவே அவங்க நடப்பாங்க, நாங்களும் அப்படியே. "தாயி, இன்னும் கித்தி?"ன்னு அம்மா தூரம் கேக்க, அவங்க "ஆலச், ஆலச்"னு சிரிப்பாங்க. வந்தாச்சு, வந்தாச்சுன்னு அர்த்தம். அப்படி ஒரு அஞ்சு தடவை சொன்ன பிறகுதான் நிஜமாவே வந்துச்சு.

கோட்டை வாசலைத் தாண்டினதும் காத்து பாருங்க... அம்மா கொண்டை அவுந்து போச்சு. கீழ பள்ளத்தாக்கைப் பாத்து நின்னவங்க, திடீர்னு "ஓஓஓ"ன்னு கத்தினாங்க. குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்னு எப்பவும் மெதுவாவே பேசுறவங்க. அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. தம்பியும் கத்தினான், நானும் கத்தினேன். தயிரம்மா கூடையை இறக்கி வச்சுட்டு எங்களைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

சட்டித் தயிர்ல சீனி போட்டு வழிச்சு வழிச்சுத் தின்னோம்.

கீழ வந்தா, இறங்கி வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்பா விசாரிச்சுக்கிட்டு இருக்கார். "ஏக் மதராசி பாயி, தோ பச்சே... தேக்கா க்யா?" ஒரு தமிழ் அம்மா, ரெண்டு பிள்ளைங்க, பாத்தீங்களான்னு. எங்களைப் பாத்ததும் நொண்டிக்கிட்டே எந்திரிச்சார்.

"எது வரைக்கும் போனீங்க?"

"முடியிற வரைக்கும்" அப்படின்னாங்க அம்மா. அப்பா தூக்கைத் திறந்து, முதல் உருண்டை தயிர்சாதத்தை அம்மா கைல வச்சார்.

அதுக்கப்புறம் எங்க போகணும்னாலும் அப்பா, "உங்கம்மாகிட்ட கேளுங்க"ன்னுடுவார். அந்த மே மாசம் ஒரு வியாழனும் நாங்க வீட்ல இல்ல.

இப்ப நான் அதே புனேல, பாணேர் பக்கம். ரெண்டு பிள்ளைங்க. போன வாரம் வாட்ஸ்அப் க்ரூப்ல அவுட்டிங் பிளான் போட்டோம். ஒருத்தர் வெதர் ஆப் ஸ்க்ரீன்ஷாட் போட்டாங்க, இன்னொருத்தர் யூவி இண்டெக்ஸ்னாங்க, போல் வச்சு ஓட்டு போட்டோம்... கடைசில மால்! தப்பு சொல்லல. வெயிலும் அன்னைக்கு மாதிரி இல்லதான்.

போயிட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலம் அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "மாலா? சரி, ஏசி இருக்கும். பிள்ளைங்களுக்கு நல்லா பசிச்சுச்சா?"ன்னு கேட்டாங்க.

யோசிச்சுப் பாத்தேன். பாப்கார்ன் பாதி அப்படியே மிச்சம் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை நாலரைக்கு அலாரம் வச்சிருக்கேன்... வீட்ல யார்கிட்டயும் இன்னும் சொல்லல.