பெரிதாகிக்கொண்டே போன பொட்டு

என் தங்கை கருக்களாச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் விசைப்படகில் போனால் கரை திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவர் கடலில் இருக்கும் வரை அவள் நெற்றி வெறுமனே இருக்காது. ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தால் அடுத்த நொடி இன்னொன்று ஏறிவிடும்.

போன வருஷம் பொட்டு ஒட்டும் இடத்தில் அரிக்க ஆரம்பித்தது. சிவந்தது, தடித்தது, நீர் வடிந்தது. இந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? புண் வெளியே தெரியாமலிருக்க அதைவிடப் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டினாள். புண் வளர வளரப் பொட்டும் வளர்ந்தது. நான் பார்த்தபோது பழைய எட்டணாக் காசு அளவுக்கு வந்திருந்தது. வந்த கோபத்தில் கையைப் பிடித்துக் காரைக்காலுக்கு இழுத்துப்போனேன், தோல் டாக்டரிடம்.

டாக்டரம்மா பொட்டை மெல்ல உரித்து, அதன் பின்புறத்தைக் காட்டினார். "இந்தப் பசையில ஒரு வகைப் பிசின் சேர்க்கிறாங்க. அது உங்க தோலுக்கு ஒத்துக்கல. இனிமே ஸ்டிக்கர் பொட்டே கூடாது. புண் ஆறுற வரைக்கும் குங்குமமும் வேணாம். இப்படியே விட்டா அந்த இடம் வெளுத்துப்போகும். நிறம் திரும்பாமலும் போகலாம்."

"அவரு கடல்ல இருக்காருங்க" என்றாள் தங்கை.

"அதனால என்ன?" என்றார் டாக்டரம்மா. பாவம், அவர் வெளியூர்.

பஸ் ஏறுவதற்குள் பையிலிருந்து புதுப் பொட்டு ஒன்று நெற்றிக்கு வந்துவிட்டது. "உனக்கென்னடி பைத்தியமா?" என்று கத்தினேன்.

"அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? நெத்தி போனா போவுது" என்று அழுதாள். அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். அந்தப் பயம் எனக்கும் தெரியும்.

அவளை நேரே படகு முதலாளி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே வயர்லெஸ் இருக்கிறது. "அவரையே கேட்டுடுவோம்" என்றேன். கரைக்குப் பக்கத்தில் இருந்த படகு அடுத்த படகுக்குச் சொல்ல, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்ல, என் தங்கையின் நெற்றிப் புண் கடல் முழுக்கப் பரவியது. அவள் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பதில் யாரோ ஒருவர் குரலில் வந்தது. "மச்சான் பொட்ட எடுத்துடச் சொல்றாரு. புண்ணு மேல ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சா வலை இழுக்க மனசு வராதாம்." அதோடு முடியவில்லை. முகம் தெரியாத படகுகளிலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. "எடுத்துடும்மா." "எடுத்துடு தங்கச்சி, நாங்கல்லாம் பக்கத்துலதான இருக்கோம்."

அங்கேயே உரித்துப் போட்டாள். எனக்குத்தான் அழுகையை அடக்க முடியவில்லை.

படகு வந்தன்று வெறும் நெற்றியோடு கரையில் நின்றாள். புண் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. இறங்கியவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. நேரே அவளிடம் வந்து, "எரியுதா?" என்று கேட்டார்.