சோல்ஃப்ரிட் விட்டுப்போன எண்

நார்வேயில், ஹார்டாங்கர் ஃபியோர்டு என்ற கடற்கழியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் கார்களை ஏற்றிப்போகும் கப்பலில் அர்ன்ஃபின்னுக்கு வேலை. ஏறுகிற வண்டிகளுக்கு இடம் காட்ட வேண்டும். இரண்டு விரலை அசைத்தால் லாரி நகரும். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். இதற்கு முகம் தேவையில்லை. அதனால் பிப்ரவரியில் மனைவி சோல்ஃப்ரிட்டை அடக்கம் செய்த மறுவாரமே வந்துவிட்டார். முகத்தை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தவர் போலத்தான் இருந்தார். கையுறைகூடப் போடவில்லை.

"கை விறைச்சு கழண்டு விழப்போகுதுப்பா," என்றான் கூட வேலை செய்யும் தூர்லைஃப். "விழுந்தா சொல்லு, கடல்ல போறதுக்குள்ள பொறுக்கித் தர்றேன்."

"குளிரலடா."

உண்மையிலேயே குளிரவில்லை. அக்கம்பக்கத்தார் கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாம் ஒரே ருசியாக இருந்தது, அதாவது ருசியே இல்லை. பானைகளைக் கழுவி, ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதில் இரண்டு வீட்டுக்குச் சண்டை. அதையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் சோல்ஃப்ரிட்டின் சின்ன மின்சார கார் நின்றது. வீடு வீடாகப் போய் முடியாதவர்களைக் கவனிக்கும் நர்ஸ் வேலைக்கு அவள் அதில்தான் போவாள். அர்ன்ஃபின்னின் அக்கா குட்வெய்க் வாரம் தவறாமல் போன் செய்து, வானிலை அறிக்கை மாதிரி விலை நிலவரம் வாசித்தாள்.

"போன மாசம் இதே மாதிரி கார் எழுபதாயிரம் க்ரோனருக்குப் போச்சு. இப்ப அறுபதுகூட தேறாது. புது கார்லாம் ஒரு சார்ஜுல நானூறு கிலோமீட்டர் ஓடுதாம், இத எவன் தொடுவான்? நீ என்ன முட்டைக்கு மேல உக்காந்திருக்க கோழியா? வித்துத் தொலைடா!"

"ம்."

"அந்த 'ம்'முக்கு என்ன விலைன்னு பார்த்துச் சொல்லட்டுமா?"

அவர் விற்காததற்குக் காரணம் இருந்தது. வெளியே சொன்னால் தூர்லைஃப் கப்பலின் ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுவான் என்று சொல்லவில்லை. அந்தக் காரை இயக்கியதும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஓர் எண் தெரியும். பாட்டரியை மட்டும் பார்த்து அது அந்த எண்ணைச் சொல்வதில்லை. கடைசியாக ஓட்டியவரின் காலையும் பார்த்துத்தான் சொல்லும். முரட்டுக் காலென்றால் எண் இறங்கும், பூப்போல மிதித்தால் ஏறும். சோல்ஃப்ரிட் பனிக்காலத்திலும் ஹீட்டர் போட மாட்டாள். இரண்டு ஸ்வெட்டர், ஆட்டுத்தோல் விரிப்பு, தடித்த கம்பளிக் கையுறை. இறக்கத்தில் காலையே எடுத்துவிடுவாள். அவள் கடைசியாக நிறுத்தியபோது முழு சார்ஜில் நூற்று நாற்பத்து மூன்று. மற்றவர்களுக்கு அதே காரில் நூறைத் தாண்டாது.

அர்ன்ஃபின்னுடையது முரட்டுக் கால். ஒருமுறை கடைக்குப் போய்வந்தால் போதும், அவளுடைய எண் அழிந்துவிடும். அதனால் அவர் காரை ஓட்டவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் உள்ளே உட்கார்ந்து, இயக்கி, எண்ணைப் பார்த்துவிட்டு அணைப்பார். சார்ஜ் ஒயரை மட்டும் கழற்றவே மாட்டார். 'வந்ததும் பூட்ஸ கழட்டுறதுக்கு முன்னாடி ஒயர மாட்டணும்' என்பது அவள் சட்டம்.

ஆனால் எண் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமலே நூற்று இருபத்தாறுக்கு வந்துவிட்டது. குளிர்தான் காரணம் என்று நினைத்தார்.

அடுத்த ஜனவரியில் அக்கா அவரைக் கேட்காமலே விளம்பரம் போட்டுவிட்டாள். அக்கரையிலிருந்து ஐரின் என்ற பெண் வந்தாள். அவளும் வீடு வீடாகப் போகும் நர்ஸ்தான், திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. வந்தவள் எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நூத்தி இருபத்தாறா? இந்த வயசு காருக்கா? நான் வர்றதுக்கு முன்னாடி மலை மேலேருந்து உருட்டிட்டு வந்தீங்களா? எங்க ஊர்லயும் இந்தக் குசும்பு பண்றாங்க."

"நான் ஓட்டல. ஒரு வருஷமா யாருமே ஓட்டல."

"அப்புறம் ஏன் ஒயர் மாட்டியிருக்கு?"

"எப்பவும் மாட்டித்தான் இருக்கும். முழு சார்ஜுல."

ஐரின் தலையில் கை வைத்தாள். "ஒரு வருஷமாவா? முழுசா ரொப்பி அப்படியே நிறுத்தினா பாட்டரி கெட்டுப்போகுமே! பத்திரமா வச்சுக்கிட்டே சாகடிச்சிருக்கீங்களே!"

குளிர் ஒன்றும் செய்யவில்லை, ஒயர்தான் செய்திருக்கிறது. அர்ன்ஃபின் ஒயரைப் பார்த்தார். குனிந்து கழற்றினார். கொட்டகையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய இரைச்சல் நின்றது.

"ஓட்டிப் பாருங்க," என்றார்.

பக்கத்து இருக்கையில் அவரும் ஏறிக்கொண்டார். ஐரின் முதல் வேலையாக ஹீட்டரைத் திருகினாள். எண் ஒரே தாவில் நூற்றுப் பத்து. அதை அணைக்க அவர் கை தானாக நீண்டது. பாதியில் மடிந்து மடிக்கே திரும்பியது. முதல் ஏற்றத்திலேயே நூற்று மூன்று. மாதா கோயிலைத் தாண்டும்போது தொண்ணூற்றாறு. ஏதாவது வலிக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். வலிக்கவில்லை. ஜன்னலில் பனி உருகி ஓடியது. அந்தக் காரில் அவர் கதகதப்பாக உட்கார்ந்தது அன்றுதான்.

திரும்பி வந்ததும் ஐரின் கையைத் தேய்த்துக்கொண்டே, "கெட்ட பாட்டரிக்கு நாப்பதாயிரத்துக்கு மேல என்னால முடியாதுங்க," என்றாள்.

"சரி."

"பேரம்கூட பேச மாட்டீங்களா? எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

அவர் இருக்கைக்கு முன்னாலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து கம்பளிக் கையுறைகளை எடுத்து அவள் மடியில் வைத்தார். "ஸ்டியரிங் சில்லுனு இருக்கும்."

அன்று அக்கா போனில் போட்ட கூச்சலுக்கு போனை மேசையில் வைத்துவிட்டு ரொட்டி சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலைக் கப்பல். வரிசையின் கடைசியில் அந்தச் சின்ன கார் வந்து நின்றது. அர்ன்ஃபின்னின் விரல்கள் அவரைக் கேட்காமலே அசைந்தன. லாரிகளை நிறுத்தி, நடுவில் வழிவிட்டு, காரை எல்லாவற்றுக்கும் முன்னால், கப்பலின் முன்கதவை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். நர்ஸ் வண்டிதான் முதலில் இறங்க வேண்டும், நோயாளிகள் மருந்துக்காகக் காத்திருப்பார்கள் என்று சோல்ஃப்ரிட்டுக்காக அந்தக் கப்பலில் வைத்திருந்த வழக்கம் அது.

"யாருப்பா அது, ராணியம்மாவா?" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான்.

"நர்ஸு," என்றார். "வாய மூடிட்டு நில்லு."

ஐரின் கண்ணாடியை இறக்கினாள். கையில் கம்பளிக் கையுறை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எண் தெரிந்தது: எண்பத்தொன்பது. "ஹீட்டர் இல்லாம என்னால முடியலங்க," என்றாள்.

"போட்டுக்கோங்க."

கப்பல் கிளம்பியது. முன்கதவின் இடுக்கு வழியாகக் காற்று வந்தது. அர்ன்ஃபின் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தூர்லைஃப்பிடம் போனார்.

"உன்கிட்ட இன்னொரு ஜோடி கையுறை இருக்கா?"